சுவருக்குள் கசிவு, மின் கட்டணத்தில் ஆயிரம் ரூபாய்: கசிவு கண்டறியும் சேவை ஒன்றைப் பற்றி

நங்கநல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், சுவருக்குள் பதித்த குழாயில் ஏற்பட்ட கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சேவையை அழைத்திருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறு தொழில் அது. குறைகளையும் எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். சென்னையில் இந்த வேலையைச் செய்பவர்கள் இப்போது பலர் இருப்பதால், யாரை அழைப்பது என்பதைவிட அவர்களிடம் எதைக் கேட்டு வாங்குவது என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கசிவு எங்களுக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மீட்டர் இல்லாத வீடுகளுக்குக் குடிநீர் வாரியம் நிலையான ஒரு தொகையை மட்டுமே வாங்குகிறது. எத்தனை லிட்டர் வீணானாலும் அந்தத் தொகை மாறாது. புழக்கத்துக்கான தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. ஆகவே இங்கே குழாய் கசிந்தால் அது தண்ணீர்க் கட்டணத்தில் தெரிவதில்லை, மின் கட்டணத்தில்தான் தெரிகிறது. எங்கள் வீட்டில் இருப்பது, கிணற்றுக்குள் காற்றைச் செலுத்தித் தண்ணீரை மேலேற்றும் கம்ப்ரஸர் மோட்டார்; தொட்டியில் மட்டம் குறைந்தால் தானாகவே ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த மோட்டார் எங்கள் மின் மீட்டரில் இணைந்திருக்கிறது. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டு உரிமையாளர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார் என்பதால் குடிவந்த நாளில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு 420 யூனிட்டை ஒட்டியே இருந்துவந்த எங்கள் ரீடிங் ஒரு முறை 530-ஐத் தொட்டது. கூடுதலாக எரிந்தது 110 யூனிட்தான், ஆனால் கட்டணம் 1,010 ரூபாய் கூடியிருந்தது. அப்போதைய கட்டண முறையில் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் பறிபோனதைப் பலர் கவனிக்கவில்லை. கசிவு எங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. வெயில் காலம், மின்விசிறி ஓயாமல் ஓடியிருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்தக் கட்டணத்தைக் கட்டினோம். அடுத்த முறையும் வழக்கத்தைவிட 1,090 ரூபாய் கூடி வந்தபோதுதான், நடு இரவில் யாரும் தண்ணீர் புழங்காத நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தோம்.

உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், கறாரானவர், ஆனால் நியாயத்தைக் காதுகொடுத்துக் கேட்பவர். "தம்பி, நீங்க தண்ணி சுத்திகரிக்கிற மெஷின் மாட்டுறப்போ சமையலறைச் சுவரை ஓட்டை போட்டீங்களே, அதுலதான் பைப் அடிவாங்கியிருக்கும். நான் கட்டின வீட்ல பன்னண்டு வருஷமா ஒரு பிரச்சினையும் வந்ததில்லை" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நாங்கள் ஓட்டை போட்டிருந்தோம். அதனால்தான் குழாய் கசிகிறதா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் மறுக்க முடியவில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழுதுபார்ப்பில் எது யாருடைய வேலை என்பதை அதன் இரண்டாவது அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின் கம்பியமைப்பு ஆகியவை உரிமையாளர் பக்கம் வருகின்றன. குழாய் வாஷர், குழாய்த் திருகு, கழிப்பறைப் பீங்கான், கைகழுவும் தொட்டி, கீசர், சுவிட்ச் போன்றவற்றின் பழுதுகள் குடியிருப்பவர் பக்கம். வாடகைதாரரே ஏற்படுத்திய சேதத்தால் வந்த கட்டடப் பழுது உரிமையாளர் தலையில் விழாது. உரிமையாளர் தம் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால், வாடகைதாரர் தாமே செய்துகொண்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இந்த அட்டவணை பிரிப்பது பழுதுபார்க்கும் வேலையை மட்டுமே. கசிந்த தண்ணீரை இறைக்க ஓடிய மோட்டாரின் மின்சாரத்தை அதில் எந்த வரியிலும் காண முடியாது. எங்கள் ஒப்பந்தத்திலோ, வழக்கமாக எல்லாப் பத்திரங்களிலும் இருப்பதுபோல, "மின் கட்டணமும் சிறு பழுதுகளும் குடியிருப்பவரைச் சேர்ந்தவை" என்ற ஒற்றை வரிதான். சுவருக்குள் இருக்கும் கசிவு சிறு பழுதா, பெரும் பழுதா என்று எந்தப் பத்திர எழுத்தரும் விளக்கி எழுதுவதில்லை.

ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது வெறும் பிளம்பர் அல்ல. எங்கே கசிகிறது, எதனால் கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்ற மூன்றையும் எழுத்தில் தரக்கூடியவர்கள் தேவைப்பட்டார்கள். தெருமுனையில் இருக்கும் பிளம்பர் கைத்திறனில் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் சுவரை உடைத்துச் சரிசெய்துவிட்டுப் போனபிறகு, எதனால் உடைந்தது என்பதற்கான தடயமும் குப்பையோடு போய்விடும். அதனால்தான் கண்டறிவதற்கு மட்டுமே 2,500 ரூபாய் வாங்கும் இவர்களை அழைத்தேன்.

அழைப்பிலேயே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உடனே வந்து நிற்காமல், அதற்கு முன் இரண்டு இரவு எங்களையே ஒரு சோதனை செய்யச் சொன்னார்கள். முதல் இரவு பத்து மணிக்குத் தொட்டியை நிரப்பி, மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீர்மட்டத்தை ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிவரை யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. இரண்டாம் இரவும் இதையேதான் செய்ய வேண்டும், ஆனால் கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடிவிட வேண்டும். எங்களுடையது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. விட்டம் சுமார் 110 சென்டிமீட்டர் என்பதால் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். முதல் இரவு எட்டு மணி நேரத்தில் 21 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டாம் இரவு 15. டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு மொட்டை மாடித் தொட்டிக்குள் ஸ்கேலை விட்ட என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது, ஆனால் இந்த விவகாரம் முழுவதிலும் அதிகம் பயன்பட்ட இரண்டு எண்கள் இவைதான்.

அதாவது கசிவு ஒன்றல்ல, இரண்டு. மணிக்கு சுமார் 25 லிட்டர் போய்க்கொண்டிருந்ததில் 7 லிட்டர் ஃப்ளஷ் டேங்க் வழியாகவும் 18 லிட்டர் வேறெங்கோ வழியாகவும் போயிருக்கிறது. நாள் ஒன்றுக்கு 600 லிட்டர். இரண்டு மாதத்துக்கு 36,000 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் மூன்று. கம்ப்ரஸர் மோட்டார் எங்கள் கிணற்றில் மணிக்கு ஐந்நூறு லிட்டர்தான் ஏற்றுகிறது. அந்தக் கணக்கில் எழுபத்திரண்டு மணி நேரம் அது வீணாக ஓடியிருக்க வேண்டும். மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால் 108 யூனிட் வருகிறது. ரீடிங்கில் கூடியிருந்த 110-க்கு இவ்வளவு நெருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வருவதாகச் சொன்ன நேரம் காலை ஒன்பதரை, வந்தது பன்னிரண்டுக்கு. தாமதமாகும் என்று ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் வந்த பிறகு வேலையில் எந்த அவசரமும் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஃப்ளஷ் டேங்கில் நீலச் சாயம் கரைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில், யாரும் ஃப்ளஷ் செய்யாமலேயே, பீங்கானின் பின்சுவரில் மெல்லிய நீலக் கோடு ஒன்று இறங்கியது. அடிவாஷர் தேய்ந்திருந்தது. சத்தமே வராத கசிவு என்பதால் இத்தனை நாளும் எங்கள் கண்ணில் படவில்லை. பிறகு ஆங்கிள் வால்வை மூடி, கால் மணி நேரம் கழித்து டேங்கில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளவுக் குவளையால் ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்றே முக்கால் லிட்டர் பிடித்தது. தொட்டியில் நாங்கள் எடுத்த அளவும் மணிக்கு ஏழு லிட்டர் என்றுதான் சொன்னது.

அடுத்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் போகும் குழாய் லைன்களைத் தனித்தனியாக அடைத்து, ஒரு குழாயைக் கழற்றி அந்த இடத்தில் மானி பொருத்திய கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார்கள். குளியலறை லைனில் ஏற்றிய ஐந்து கிலோ அழுத்தம் கால் மணி நேரம் கழித்தும் முள் அசையாமல் நின்றது. சமையலறை லைனில் பத்தே நிமிடத்தில் மூன்றுக்கு இறங்கிவிட்டது. சுவரில் ஒலி கேட்கும் கருவியை ஊன்றி, பாத்திரம் துலக்கும் தொட்டிக்குக் கீழே ஓரிடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார் மூத்தவர். வெப்பக் கேமராவையும் எடுத்து ஒரு முறை காட்டினார். திரையில் நீலமும் மஞ்சளும் அழகாகத்தான் இருந்தன. "சார், இது கஸ்டமருக்காகத் தூக்கிட்டு வர்றது. பச்சைத் தண்ணி லைன்ல இது பெருசா ஒண்ணும் சொல்லாது, வெந்நீர் லைனா இருந்தா காட்டும்" என்று அவரே சொன்னார். விளம்பரத்தில் அந்தக் கேமராவைத்தான் முதல் படமாகப் போட்டிருக்கிறார்கள் என்றாலும், வந்த இடத்தில் உண்மையைச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

உடைப்பதற்கு முன் உரிமையாளரை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொண்டோம். இது அவர்கள் யோசனை, நல்ல யோசனை. வட்டம் போட்ட இடத்தில் ஒரே ஒரு டைலை மட்டும் எடுத்து, உளியால் கொத்தியதும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயின் எல்போ, அதாவது குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவுத் துண்டு, வெளியே தெரிந்தது. இணைப்பு வாயிலிருந்து தண்ணீர் நூல்போலக் கசிந்துகொண்டிருந்தது. சுத்திகரிப்பு இயந்திரத்துக்காக நாங்கள் போட்ட திருகாணித் துளைகள் அங்கிருந்து 40 சென்டிமீட்டர் மேலே இருந்தன. அளவு நாடாவைப் பிடித்து இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி படம் எடுத்தார் இளையவர். பிறகு அந்தத் துண்டை வெட்டியெடுத்து, நீளவாக்கில் பிளந்து காட்டினார்கள். குழாய் எல்போவுக்குள் பாதி ஆழம்வரைதான் போயிருந்தது. பசை ஒட்டிய தடம் அங்கேயே நின்றுவிட்டதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கட்டியபோதே முழுதாகச் செருகாமல் விட்ட இணைப்பு, பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்து இப்போது வாய்விட்டிருக்கிறது. தொலைபேசித் திரையில் உரிமையாளர் சிறிது நேரம் பேசவில்லை. "அந்தப் பீஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நான் வர்றப்போ பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் ஒரு பிளாஸ்டிக் உறையில் எங்கள் வீட்டு மின் கட்டண ரசீதுகளோடு இருக்கிறது.

கீழ்வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கித் திறந்து பார்த்தபோது, சமையலறைக் கூரையில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்திருந்தது. ஆள் குடியிருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

அறிக்கை மறுநாள் மாலை வந்தது. ஆறு பக்கம். இடம், காரணம், படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் எவ்வளவு கசிந்தது என்ற அளவு மட்டும் இல்லை. கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் பொதுவாக அதைக் கேட்பதில்லை என்றார்கள். சொந்த வீட்டுக்காரருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம்; வாடகைக்கு இருப்பவருக்கு அந்தப் பக்கம்தான் அறிக்கையே. வற்புறுத்திய பிறகு தொட்டி அளவுகளையும் குவளை அளவையும் சேர்த்துத் திருத்தி அனுப்பினார்கள். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி நானே தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்கள் இதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கசிவு எப்போது தொடங்கியது என்றும் எழுதித் தரச் சொன்னேன்; மறுத்துவிட்டார்கள். ஈரத்தைப் பார்த்து மாதக் கணக்குச் சொல்வது ஊகம், அதில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அதற்கான சான்று என் கையிலேயே, மின் கட்டண ரீடிங்குகளில் இருந்தது. அந்த இரண்டு ரசீதுகளுக்கு முந்தைய ஒரு வருட ரீடிங்குகளில் ஒன்றுகூட 430-ஐத் தாண்டவில்லை என்பதைக் காட்டியபோது உரிமையாளர் மறுபேச்சுப் பேசவில்லை.

பங்கு பிரித்தது இப்படித்தான். தொட்டியில் இறங்கிய 21 சென்டிமீட்டரில் 15 சுவர்க் குழாய்க்கும் 6 ஃப்ளஷ் டேங்குக்கும் உரியவை. சுருக்கினால் ஐந்துக்கு இரண்டு. சுவருக்குள் இருக்கும் குழாய் அட்டவணைப்படி உரிமையாளருடையது, கழிப்பறைப் பழுது எங்களுடையது. பழுது யாருடையதோ அதனால் வீணான மின்சாரமும் அவருடையதே என்று வைத்துக்கொண்டால், இரண்டு கட்டணங்களிலும் கூடிய 2,100 ரூபாயில் 1,500 அவருக்கு, 600 எங்களுக்கு. சட்டத்தில் இல்லாத ஒரு வாய்ப்பாட்டை நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒப்புக்கொண்டோம், அவ்வளவுதான். அவர் ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்டார்: முதல் கட்டணம் வந்தபோதே சொல்லியிருந்தால் இரண்டாவது கட்டணம் இவ்வளவு ஏறியிருக்காதே? நியாயமான கேள்வி. மின்விசிறியின் மேல் பழிபோட்டுவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தது நாங்கள். அதற்காக அவர் எதையும் குறைக்கவில்லை, ஆனால் கேட்ட கேள்வி என் மனதில் இருந்ததால், கண்டறியும் கட்டணம் 2,500-ஐயும் ஐந்துக்கு இரண்டாகப் பிரிக்கலாம் என்று சொல்ல நினைத்திருந்த நான், பாதிப் பாதி என்று அவர் சொன்னதும் ஏற்றுக்கொண்டேன். உடைத்து இணைப்பை மாற்றி டைல் பதித்த 6,800 ரூபாய் முழுதும் அவருடையது. அதையும் 1,500-ஐயும் தன் பங்கு 1,250-ஐயும் சேர்த்து அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். ஃப்ளஷ் டேங்க் உதிரிப் பாகம் 450 ரூபாய்க்கு நானே வாங்கி மாட்டினேன்.

சேவையின் மீது எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அந்த டைல்தான். உடைத்த டைலின் நிறத்தில் இப்போது கிடைக்காது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாடியில் மீதி டைல்கள் கிடக்கின்றனவா என்று தேடியிருப்போம். இப்போது இளநீலச் சுவரில் ஒரே ஒரு வெள்ளைச் சதுரம். 6,800-இல் எது கூலி, எது பொருள் என்று பிரித்துக் கேட்டபோதும் தயங்கித்தான் கொடுத்தார்கள். உரிமையாளரிடம் பணம் கேட்க வேண்டிய வாடிக்கையாளருக்குப் பிரித்து எழுதிய ரசீது இல்லாமல் காரியம் நடக்காது என்பதை அவர்கள் இன்னும் உணரவில்லை. கண்டறியும் திறமைக்கு ஐந்துக்கு ஐந்து; நேரம், ரசீது, அறிக்கை ஆகியவற்றுக்குச் சேர்த்து மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

அதற்கடுத்த ரீடிங் 415 யூனிட். கீழ்வீட்டுக் கூரை காய்ந்துவிட்டதா என்று ஈரமானியோடு ஒரு மாதம் கழித்து வந்து, கட்டணமின்றி மறுபடியும் அளந்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு வாரம் ஆகிவிட்டது, இரண்டு முறை நினைவூட்டியாயிற்று. கூரைக்கு வெள்ளையடிக்கும் முன் அந்த அளவு வேண்டும் என்று உரிமையாளர் காத்திருக்கிறார். வந்து அளந்தால் அதையும் இங்கே சேர்க்கிறேன்.